பன்னிரண்டாவது ஜாயிண்ட்

ஜவ்வாது மலையில் மார்கழி பிறந்துவிட்டால் சூரியனுக்கே பத்து மணிக்குத்தான் விடியும். திருப்பத்தூரிலிருந்து வளைவுகள் ஏறி வந்த ஆனந்தியின் ஜீப் சுரங்க வாசலில் நின்றபோது அந்தப் பத்து மணிதான் ஆகியிருந்தது. புளியமரத்தில் பனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பாண்டுரங்கன் மேஸ்திரி மப்ளரைக் காதோடு இழுத்துக் கட்டிக்கொண்டு போய் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"டீ சாப்டுறீங்களா மேடம்?"

"முதல்ல காத்தைப் பாத்துடலாம் மேஸ்திரி. அப்புறம் டீ."

வந்ததும் வராததுமாக வேலையைப் பேசுகிற ஆட்களை மேஸ்திரிக்குப் பொதுவாகப் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

சுரங்கம் என்றதும் பாதாளக் கிணறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கனிமம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி மலையின் விலாவில் கிடையாகக் குடைந்துகொண்டே போன நானூறு மீட்டர் குகை, அவ்வளவுதான். இருப்பது ஒரே வாசல். ஆள் உள்ளே போவதும் அதன் வழியாகத்தான், வெடிப்புகை வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். நல்ல காற்றுக்கு மட்டும் தனி ஏற்பாடு. வாசலில் ஒரு ராட்சச விசிறி. அதன் வாயில் மாட்டிய மஞ்சள் துணிக்குழாய் கூரையில் கம்பி கட்டித் தொங்கியபடி, பாறை உடைக்கிற கடைசி இடம் வரை போகும். ஒரு ஆள் தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம். இருபது மீட்டருக்கு ஒரு துண்டு. துண்டும் துண்டும் சேருகிற இடத்தில் வார்ப்பட்டை போட்டு இறுக்கிய ஜாயிண்ட். விசிறி ஓடும்போது உப்பி, நிறுத்தினால் துவண்டுவிடும் அதைத் தொழிலாளிகள் மலைப்பாம்பு என்பார்கள்.

மூன்று நாளாக அந்த மலைப்பாம்புக்கு ஏதோ ஆகியிருந்தது. வெடி வைத்தால் அரை மணியில் கலைய வேண்டிய புகை இரண்டு மணி நேரமாகியும் உள்ளேயே நின்றது. காற்றோட்ட இன்ஜினியர் ஆனந்தி வந்து சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வெடி என்று கம்பெனி சொல்லிவிட்டது.

அவள் வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். லட்சுமணன் கடைசி முனைக்குப் போக வேண்டும். குழாய் வாயில் சின்னச் சக்கரம் வைத்த மீட்டரைப் பிடித்து, காற்று எவ்வளவு வருகிறது என்று வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். அப்படியே நேற்றைய வெடியில் சரிந்து கிடக்கிற பாறைக்குவியல் மேல் தண்ணீர் அடிக்க வேண்டும். விஷவாயுவைக் கண்டால் கத்துகிற கருவி ஒன்றை அவன் இடுப்பில் கட்டிவிட்டாள்.

லட்சுமணன் மலைக்காரன். இரண்டு வருஷத்துக்கு முன் இதே மார்கழியில், இதே கடைசி முனையில் செத்துப்போன சின்னராஜின் தம்பி. அண்ணன் போன இடத்திலேயே தம்பியும் வேலை பார்க்கிறான். சாமையும் புளியும் மட்டும் ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்ன?

"வர்றேன் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு அவன் இருட்டுக்குள் நடந்தான். அவன் தலைவிளக்கு புள்ளியாகித் தேய்கிற வரை பாண்டுரங்கன் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனந்தி ஒவ்வொரு ஜாயிண்டிலும் ஏணி போட்டு ஏறி, ஊசி போன்ற ஒரு குழலைத் துணிக்குள் செருகி, கையிலிருந்த கருவியில் காற்றழுத்த எண்ணைப் படித்தாள். மேஸ்திரி நோட்டில் எழுதினார்.

"நடந்தா நமக்குக் கால் வலிக்குதில்ல? காத்துக்கும் அப்படித்தான் மேஸ்திரி. குழாய்ச் சுவத்துல உரசி உரசி, துண்டுக்குத் துண்டு கொஞ்சம் தெம்பு குறையும். எங்க ஒரேயடியாக் குறையுதோ, அங்கதான் வில்லங்கம்."

ஆயிரம். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. தொள்ளாயிரத்து எண்பது. எழுபது. துண்டுக்குப் பத்து பத்தாகத்தான் இறங்கியது. அவர்கள் உள்ளே போகப் போக வாசல் வெளிச்சம் ஒரு தட்டளவாகி, ஒரு காசளவாகி, வளைவில் மறைந்தது. தலைக்கு மேலே குழாய் விறைத்து நின்று உறுமியது. பாறையில் நீர் கசிகிற வாடையும் பழைய வெடிமருந்தின் வாடையும் மூக்கில் ஏறின.

பன்னிரண்டாவது ஜாயிண்டில் எண்ணூற்றுத் தொண்ணூறு.

அதன் கீழே மேசை போல ஒரு தட்டைக்கல் கிடந்தது. ஆட்கள் சாப்பிடுகிற இடம். சோத்துக்கல் என்று பெயர். பாண்டுரங்கன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு முட்டி வலி மேடம். இதுக்கு மேல நடக்கறது கஷ்டம்."

இரண்டு வருஷமாக எல்லோரிடமும் அவர் சொல்லி வருவது அதுதான். மேஸ்திரியின் முட்டி சரியாகப் பன்னிரண்டாவது ஜாயிண்டில் வலிக்கத் தொடங்கும்.

ஆனந்தி தனியே பதின்மூன்றுக்குப் போனாள். அங்கே ஏணி மேல் வெகுநேரம் நின்றாள்.

"மேஸ்திரி, வெறும் தொண்ணூறுதான் காட்டுது."

பாண்டுரங்கன் நிமிர்ந்து பார்த்தார். அவர் தலைக்கு மேல் வரை முறுக்கேறி நின்ற குழாய், அதற்கு அப்பால் தொங்கிப்போய்க் கிடந்தது.

"இந்த ஒரே துண்டுல எண்ணூறு போவுது" என்றாள் ஆனந்தி, இறங்கி வந்துகொண்டே. "கல்லு விழுந்தா இப்படி இருக்காது. துணி நசுங்கியும் இல்ல. யாரோ உள்ள ஒரு கம்பளியைச் சுருட்டித் திணிச்ச மாதிரி இருக்கு."

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த மேஸ்திரியின் பேனா நின்றது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் சொன்னது வெறும் உவமை இல்லை.

மார்கழிக் காற்று விசிறி வழியாக அப்படியே ஐஸ் மாதிரி உள்ளே வரும். வியர்த்த உடம்பில் அது பட்டால் ஜன்னி வந்துவிடும் என்று மலையில் எல்லோருக்கும் பயம். அதனால் சாப்பாட்டு நேரத்தில் இந்த ஜாயிண்டை அவிழ்த்து, உள்ளே ஒரு கம்பளியைத் திணித்து மூடிவிடுவார்கள். ஜாயிண்ட்களில் ஒழுகுகிற குளிர் அடங்கும். அரை மணி நேரம் இதமாக உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிட்டதும் உருவிவிடுவார்கள். கம்பெனிக்குத் தெரியாது. உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

சின்னராஜ் செத்த அன்றைக்குத் திணித்தது பாண்டுரங்கனின் கம்பளி. அவருக்குக் காய்ச்சல் அடித்தது. சாப்பிட்டு முடித்து, வெடி நிரப்பி, எல்லோரும் வெளியே போய் வெடித்தார்கள். முறைப்படி அரை மணி காத்திருந்தார்கள். கடிகாரம் பார்த்து, "போடா, பாத்துட்டு வா" என்று முதல் ஆளாகச் சின்னராஜை அனுப்பியதும் அவர்தான். வாயுக்கருவி அன்றைக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது.

பத்து நிமிஷம் கழித்துத்தான் தோளில் கம்பளி இல்லாதது உறைத்தது.

ஓடினார். இந்த ஜாயிண்டை அவிழ்த்தார். அவிழ்த்ததும், துவண்டு கிடந்த குழாயின் மறு பாதியில், தூரத்திலிருந்து, நூல் போல ஒரு குரல் வந்தது.

"அண்ணா... காத்து வரலண்ணா..."

கேட்டது. கேட்டும் அவர் உள்ளே போகவில்லை. கம்பளியை உருவினார், சட்டைக்குள் திணித்தார், வார்ப்பட்டையை நிதானமாக இறுக்கினார். இனி காற்று தானாகப் போய்விடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். மற்றவர்கள்தான் போய்ச் சின்னராஜைத் தூக்கி வந்தார்கள். விசாரணையில், "அரை மணிக்கு முன்னாடியே அவசரப்பட்டுப் போய்ட்டான் சார்" என்றார் மேஸ்திரி. முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தது. தன் அவசரத்தால் செத்தவனின் பெண்டாட்டி என்ற பெயரோடு மங்கம்மாள் மலையில் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

"ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க. திறந்து பாத்துடலாம்" என்றாள் ஆனந்தி.

வாசலிலிருந்த எலக்ட்ரீஷியன் கோபால்சாமிக்கு வாக்கி டாக்கியில் சொன்னதும் உறுமல் அடங்கியது. குழாய் நீளமாக ஒரு மூச்சு விட்டுத் துவண்டது. சுரங்கத்தில் விசிறி நின்ற அமைதி வேறு மாதிரி இருக்கும். சொட்டுகிற தண்ணீர்கூட யாரோ பின்னால் நடந்து வருவது போலக் கேட்கும்.

ஏணியில் ஏறி வார்ப்பட்டையை அவிழ்த்தவர் பாண்டுரங்கன்தான்.

உள்ளே ஒன்றும் இல்லை.

டார்ச் வெளிச்சம் சுத்தமான மஞ்சள் துணியின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் ஈரக் கம்பளியின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. வாடைக்குப் பின்னால் குளிர்ந்த ஏதோ ஒன்று அவர் கன்னத்தை உரசிக்கொண்டு வெளியே இறங்கியது.

"இன்னா மேஸ்திரி, வேர்க்குது உங்களுக்கு?"

"ஒன்னும் இல்லீங்க மேடம்."

ஜாயிண்டை மூடி, விசிறியைப் போடச் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளக்க வாசலை நோக்கி நடந்தார்கள். விசிறி மறுபடி உறுமத் தொடங்கியபோது ஒன்பதாவது ஜாயிண்டுக்கு வந்திருந்தார்கள். ஆனந்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு நின்றாள்.

ஒன்பது வரை குழாய் விறைத்திருந்தது. ஒன்பதுக்கு அப்பால் துவண்டிருந்தது.

"இடம் மாறிடுச்சே!" அவள் அவசரமாகக் கருவியைச் செருகினாள். "இப்ப இங்க அடைக்குது. எப்படி?"

பாண்டுரங்கன் இரண்டு எட்டு பின்னால் வைத்தார். தலைக்கு மேலே துணியில் சரசரவென்று ஒரு சத்தம். விறைப்பு முடிகிற விளிம்பும் இரண்டு எட்டு பின்னால் வந்தது.

ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

அதுவும் வைத்தது.

அப்போது வாக்கி டாக்கி கரகரத்தது. லட்சுமணன் குரல். "மேடம், இங்க சக்கரம் நின்னுடுச்சுங்க. சுத்தமா காத்து இல்ல. குவியல்ல தண்ணி அடிச்சேன், உள்ளேர்ந்து ஒரு மாதிரி நெடி கெளம்புது. தலை சுத்துற..."

பின்னணியில் கருவி கத்தத் தொடங்கியது. கீச், கீச், கீச்.

"லட்சுமணன்! தண்ணியை விட்டுட்டு வெளிய வாங்க! கேக்குதா?"

கீச் கீச் கீச் கீச்.

ஆனந்தியின் முகம் வெளுத்தது. "காத்து இல்லாம நாம உள்ள போனா நாமளும் விழுந்துருவோம். நான் வெளிய ஓடி ஃபேனை முழுசா வைக்கச் சொல்லி, மூச்சுக்கருவி எடுத்துட்டு வர்றேன். நீங்க இங்கயே இருங்க மேஸ்திரி. அசையாதீங்க!"

அவள் விளக்கு ஆடி ஆடி மறைந்தது.

பாண்டுரங்கன் தனியே நின்றார். விசிறியின் உறுமல் ஏறியது. தலைக்கு மேல் குழாய் வெடித்துவிடுவது போல உப்பியது. அதற்கு அப்பால், கடைசி முனை வரை, உரித்துப் போட்ட சட்டை போல அது தொங்கியது. அந்தச் செத்த குழாயிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா..."

லட்சுமணன் அவரை ஒரு நாளும் அண்ணா என்றதில்லை. மேஸ்திரி என்பான்.

"அண்ணா... காத்து வரலண்ணா..."

அவருக்கு அழுகை வந்தது. விஷயம் புரிந்ததால் வந்த அழுகை. குழாய்க்குள் கம்பளி இல்லை. அவர்தான் கம்பளி. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே காற்று நிற்கிறது. வாசலுக்கு ஓடினால் அடைப்பும் விசிறியின் வாய்க்கே வந்துவிடும். உள்ளே இருக்கிறவனுக்கு ஒரு பொட்டுக் காற்று போகாது. இங்கேயே நின்றாலும் அதே கதிதான். அடைப்பு விலக ஒரே வழி, குழாய் முடிகிற இடத்தையும் தாண்டி அவரே போக வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கே போகாமல் திரும்பினாரோ, அங்கே.

"வர்றேன்டா" என்றார் பாண்டுரங்கன். "வர்றேன். உன் தம்பியை விட்டுடு."

ஓடினார். பத்து. பதினொன்று. தலைக்கு மேல் துணி பட்பட்டென்று விறைத்துக்கொண்டே கூட வந்தது. பன்னிரண்டில் சோத்துக்கல் காலில் இடித்தது. முட்டி நிஜமாகவே வலித்து உயிர் போனது. நொண்டிக்கொண்டே ஓடினார். பதின்மூன்றுக்கு மேல் புகையின் நெடி கண்ணைக் கரித்தது. பதினாறில் மூச்சு முட்டியது.

பதினெட்டில் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு இரைத்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

குழாய் முடிந்தது. அதைத் தாண்டிப் பத்தடியில், குவியலின் அடியில் லட்சுமணன் கவிழ்ந்து கிடந்தான். கருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பாண்டுரங்கன் குழாய் வாயைத் தாண்டிக் கால் வைத்த அந்த நொடி, பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். கனமான துணிமூட்டை ஒன்று தரையில் விழுந்தது போல. உடனே ஐஸ் போன்ற மார்கழிக் காற்று அவர் முதுகில் அறைந்து அவரைக் குப்புறத் தள்ளியது.

லட்சுமணனை இழுத்துக் காற்றுக்கு நேரே போட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவன் இருமினான். இன்னும் ஒரு தரம் இருமினான். கருவியின் கத்தல் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றது. அவன் கண் திறக்கும் முன்பே அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கம்பளி, காய்ச்சல், அரை மணி, ஜாயிண்டில் கேட்ட குரல், விசாரணையில் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை.

வெளியே வெயிலில் கிடத்திய பிறகுதான் லட்சுமணன் வாய் திறந்தான்.

"நீ சொன்னது எல்லாம் கேட்டுச்சு மேஸ்திரி. எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? எங்க அண்ணி இருக்குது. வூட்டுக்கு வந்து அது மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

"ஞாயித்துக்கெழமை வர்றேன் லட்சுமணா. சத்தியமா."

மேஸ்திரி வாசலிலேயே உட்கார்ந்திருக்க, ஆனந்தி மறுபடி அளந்துவிட்டு வந்தாள். தடையில்லாமல் காற்று ஓடுவதால் உரசல் கூடி, துண்டுக்கு நாற்பது நாற்பதாக இறங்கி, கடைசி முனையில் காற்று கொட்டுகிறது என்றாள். கணக்கு புத்தகத்தில் இருப்பது போலவே வந்துவிட்டதாம். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. குழாய் வாயின் கீழே ஈரத்தரையில் ஏதோ கனமானது விழுந்து கிடந்த பள்ளம் ஒன்று இருந்ததென்றாள். அங்கிருந்து காலடித்தடம் வாசல் பக்கமாக வந்ததாம், செருப்பில்லாத தடம்.

"நீங்க ரெண்டு பேரும் பூட்ஸ்தானே போட்டிருந்தீங்க மேஸ்திரி?"

அன்றோடு பாண்டுரங்கன் வேலையை விட்டுவிட்டுத் தன் ஊரான படவேட்டுக்கு இறங்கிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை உடம்பு சரியில்லை. அடுத்த ஞாயிறு பொங்கல் வேலை. அதற்கடுத்தது ஒரு கல்யாணம். தை போய், மாசி போனது. சொல்ல வேண்டியவனிடம் சொல்லியாகிவிட்டது, அது போதும் என்று மனசு மெல்ல ஒரு சமாதானத்துக்கு வந்தது. மனசு எப்போதும் சொகுசான பக்கம்தான் சாயும்.

பங்குனி வெயிலில் மகள் கலைவாணி பிரசவத்துக்குப் பின் கைக்குழந்தையோடு வந்தாள். நடு வீட்டில் தூளி கட்டினார்கள். மதியச் சாப்பாடு ஆனதும் பாண்டுரங்கன் பேத்தியைப் பார்க்க ஆசையாக உள்ளே வந்து, மேசை விசிறிக்கும் தூளிக்கும் நடுவில் நின்றார்.

விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தூளியின் சேலை அசையவில்லை. கொடியில் கிடந்த துண்டும் அசையவில்லை. அவர் மூக்கில் ஈரக் கம்பளியின் வாடை ஏறியது.

தூளிக்குள் குழந்தை சிணுங்கியது. பிறகு அது இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி நீலாவதி, "ஏங்க, கரண்ட் கம்மியா வருதா இன்னா?" என்று கேட்டாள்.

தரையில் படுத்திருந்த கலைவாணி தூக்கக் கலக்கத்தில் புரண்டு, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். குழந்தைக்குக் காத்து வரல."

பாண்டுரங்கன் ஓரெட்டு தள்ளி நின்றார். தூளி மெல்ல ஆடத் தொடங்கியது.